பிளஸ் டூ ஆண்டில் படிப்பையும் பிள்ளையையும் ஒருசேரக் காப்பது எப்படி

பொதுத்தேர்வின் கடைசித் தாள் முடிந்த மறுநாள், எங்கள் தெருமுனையில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கு ஒரு சைக்கிள் கூட்டம் வரும். கேரியரில் கட்டிக்கொண்டு வந்த நோட்டுகளும் கைடுகளும் மாதிரி வினாத்தாள்களும் தராசில் ஏறும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் என் மாணவன் ஒருவனைப் பார்த்தேன். வகுப்பில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் வாங்குபவன். நான் கையெழுத்திட்ட அவனுடைய வேதியியல் ரெக்கார்டு நோட்டைக் கடைக்காரர் விரித்துப் பிடித்து, அட்டை தனி விலை என்று கிழித்தெடுத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அதில் வருத்தம் ஏதும் தெரியவில்லை. "முடிஞ்சிருச்சு சார்" என்றான், காய்ச்சல் விட்டவனைப் போல.

இருபத்தேழு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கல்விக்குப் பொருள் வேண்டும், உடலும் மனமும் செழிக்க வேண்டும் என்று மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஆனால் பிள்ளைக்கு அது பேச்சால் வருவதில்லை. பாடப்புத்தகத்தில் இருப்பதைத் தன் உடம்பிலும் தன் வீட்டிலும் ஒருமுறையாவது கண்ணால் கண்ட பிள்ளைக்குத்தான் அது வருகிறது. அப்படிக் காண்பதற்கு நேரமும், தெளிந்த தலையும் வேண்டும். அவ்விரண்டையும் ஜூன் முதல் மார்ச் வரையிலான பத்து மாதங்களுக்குள் எப்படி உண்டாக்குவது என்பதே இவ்வழிகாட்டியின் பொருள். பெற்றோரை நோக்கி எழுதுகிறேன், பிள்ளைகளும் படிக்கலாம்.

முதலில் தூக்கக் கணக்கு

எதையும் தொடங்குமுன் ஒரு தாளில் பிள்ளையின் ஒரு நாளை எழுதுங்கள். காலை நாலரைக்கு எழுதல், ஆறரைக்கு இயற்பியல் டியூஷன், ஒன்பது முதல் பள்ளி, மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஆறரைக்குக் கணக்கு டியூஷன், ஒன்பதுக்குச் சாப்பாடு, பிறகு நள்ளிரவு வரை "படிப்பு" என்று அது அமைந்திருந்தால், தூக்கத்துக்கு நாலரை மணி நேரமே மிஞ்சுகிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் துணைசெய்கிறது. ஆகவே தூக்கத்தை வெட்டிப் படிப்பவன், ஒரு கையால் வாரியதை மறுகையால் சிந்துகிறான்.

"விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும்" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. இரவு எட்டரைக்கு விளக்கணைத்த காலத்தில் அது சரியாக இருந்தது. இந்த வயதில் உடலின் உட்கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப்போகிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகவே இவர்களுக்குச் சுரக்கத் தொடங்குகிறது. ஆகையால் ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டிருப்பதும், நாலரைக்கு எழுப்பினால் சுவரில் சாய்ந்து கண்சொருகுவதும் சோம்பேறித்தனம் அல்ல. பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது. எழும் நேரத்தை முதலில் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் நழுவ வேண்டாம். கைப்பேசி இரவில் படுக்கும் அறைக்கு வெளியே சார்ஜில் இருக்கட்டும், அப்பாவுடையதும் சேர்த்துத்தான். அலாரத்துக்காக வேண்டும் என்பார்கள். ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொடுத்தால் அந்தப் பேச்சு முடிந்தது.

இதற்கு நேரம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இரண்டு டியூஷன் இருந்தால் ஒன்றை நிறுத்துங்கள் என்று நான் சொன்னபோது என்னை விரோதியாகப் பார்த்த பெற்றோர் உண்டு. ஆனாலும் சொல்கிறேன்: ஒரே பாடத்தைப் பள்ளியில் ஒருமுறையும் வெளியில் ஒருமுறையும் கேட்கும் பிள்ளை, தானாக உட்கார்ந்து அதை யோசிப்பதற்கு ஒருமுறைகூட வாய்ப்பில்லாமல் போகிறது.

புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தல்

மிச்ச நேரத்தைப் படிக்கும் முறையிலிருந்து மீட்கலாம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே பக்கத்தை ஐந்தாறு முறை கண்ணால் மேய்கிறார்கள். எல்லாம் பழகிய முகமாகத் தெரிவதால் வந்துவிட்டது என்று நம்புகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களையும், ஒருமுறை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. டியூஷனில் அன்றன்றைக்குப் படித்து அன்றன்றைக்கு ஒப்பிக்கும் பிள்ளை திருப்புதல் தேர்வில் ஏன் விழிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும். புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை ரஃப் நோட்டில் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அதையே இன்னொருமுறை. முதல் வாரம் பிள்ளை எரிச்சல்படும், ஏனென்றால் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்பது அப்போதுதான் தாளில் தெரியும். அந்த எரிச்சலைக் கடந்துவிட்டால் வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரமாவது மிஞ்சுவதை நான் என் மாணவர்களிடம் கண்டிருக்கிறேன். அதில் ஒரு மணி நேரத்தைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

பியூரெட்டும் நீல மாத்திரையும்

உடல்நலம் என்ற தலைப்பு வந்தால் "நன்றாகச் சாப்பிடு, ஓடியாடு" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். ஓடியாடுவதைப் பற்றி எனக்கும் அதிகம் சொல்ல இல்லை: ஐந்து முதல் பதினேழு வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிள் வீட்டில் நின்றுகொண்டிருக்கையில் பிள்ளையைப் பைக்கில் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. உணவைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது சோகை. மூன்றாவது பீரியடில் தலைசாய்க்கும் பெண்ணை "கவனமில்லை" என்று நாங்கள் எழுப்பி நிறுத்தியிருக்கிறோம். அவளுக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்து. இதற்காகப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்பு-ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். அதில் பாதி ஜன்னலுக்கு வெளியே போகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம்.

ஒரு ஆண்டு செய்முறை வகுப்பில் இதையே பாடமாக்கிப் பார்த்தேன். ஒரு கரைசலின் பருமனைக் கொண்டு இன்னொன்றின் அளவைக் கண்டறியும் பருமனறி பகுப்பாய்வில், பெர்மாங்கனேட்டைப் பியூரெட் என்ற அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயில் எடுத்து, கூம்புக் குடுவையிலுள்ள ஃபெரஸ் உப்புக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஊதா நிறம் குடுவையில் விழுந்தவுடன் மறையும், கடைசி ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும், அதுவே முடிவுநிலை. ஃபெரஸ் என்ற இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் ஆகிறது. ஆண்டாண்டாக எழுதும் சமன்பாடுதான். அன்று மட்டும் மேசைமேல் அந்த நீல மாத்திரை அட்டையை வைத்து, இதில் இருப்பதும் நீங்கள் இப்போது குடுவையில் வைத்திருக்கும் ஃபெரஸ் வகை இரும்புதான் என்றேன். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப வயித்துக்குள்ள போயி அது ஃபெரிக் ஆயிட்டா என்ன சார் ஆகும்?"

இருபது ஆண்டுகளில் அந்த ஆய்வகத்தில் நான் கேட்ட மிக நல்ல கேள்வி அது. குடல் இரும்பைப் பெரும்பாலும் ஃபெரஸ் நிலையில்தான் உறிஞ்சிக்கொள்கிறது. வைட்டமின் சி ஓர் ஒடுக்கி, அதாவது எலக்ட்ரானைக் கொடுக்கும் பொருள். ஃபெரிக்கை மீண்டும் ஃபெரஸாக்க உதவுகிறது. ஆகவேதான் மாத்திரையுடனோ கீரையுடனோ எலுமிச்சையும் நெல்லிக்காயும் கொய்யாவும் சேரச் சொல்கிறார்கள். டீயிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்வதால், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். மலம் கறுப்பது உறிஞ்சப்படாத இரும்பால். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்ற பாடம் அன்று முதல் அந்தப் பெண்களுக்குத் தங்கள் உடம்புக்குள் நடக்கும் ஒன்றாயிற்று. மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போவதும் அந்த வகுப்பிலாவது குறைந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது: அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து எடுக்கட்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம். பரிசோதனைச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதிலுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் என்ன பொருள் என்று விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

எடுத்துவைத்த ஒரு மணி நேரம்

வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிள்ளை தனக்கென ஒரு கேள்வியை வைத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்கு உதவாததாக இருக்கலாம்; ஆனால் பாடத்திலிருந்து கிளம்பியதாகவும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடியதாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிள்ளைக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை என்றால் இட்லி மாவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

மார்கழியில் எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு, "ஏன்டி, நேத்து ராத்திரி கரைச்ச மாவு இன்னும் பொங்கல?" என்பது. அதே மாவை ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடித் தம்ளர்களில் பாதி வரை ஊற்றி, ஒன்றை ஜன்னலோரம், ஒன்றைத் துணி சுற்றி ஹாட் பாக்ஸுக்குள், ஒன்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு. மணிக்கொருமுறை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து, அந்தந்த இடத்தின் வெப்பநிலையோடு குறித்துக்கொள்ள வேண்டும். வரைபடத் தாளில் மூன்று கோடுகள் எழும். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வினைவேகவியல் என்ற பாடமே இதைப் பற்றியதுதான்: வெப்பநிலை ஏறினால் வேகம் ஏறும். மாவைப் பொங்க வைப்பது லியூகோனோஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் விடும் கார்பன் டைஆக்சைடு. புளிக்க வைப்பது அவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம். அடுத்த வாரம் இன்னொரு தம்ளரை நன்றாகச் சுடும் நீரில் வைத்துப் பார்த்தால் மாவு பொங்காமலே போகும். வெப்பம் ஏற ஏற வேகமும் ஏற வேண்டும் என்ற சமன்பாடு இங்கே ஏன் பொய்த்தது? உயிருள்ள பொருளுக்கும் உயிரற்ற பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை தானே இடறிக் கண்டுகொள்ளும் இடம் அது. பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

வணிகவியல் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கும் அதே மாவு போதும். கடையில் விற்கும் மாவு பாக்கெட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் அரைத்தால் கிலோவுக்கு என்ன அடக்கவிலை என்று கணக்கெழுதச் சொல்லுங்கள். அரிசி, உளுந்து, வெந்தயம், மின்சாரம் வரை எளிதாகப் போகும். கிரைண்டரின் தேய்மானத்தைப் போட்டால் கணக்குப்பதிவியல் பாடம் கைக்கு வந்துவிடும். அடுத்து ஒரு வரி காலியாக நிற்கும்: ஊறவைத்து, கழுவி, அரைத்து, கரைத்து, கிரைண்டரையும் கழுவிக் கவிழ்த்த அம்மாவின் உழைப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது? பொருளியல் புத்தகத்தில் தேசிய வருவாய்ப் பாடத்தைத் திறந்தால், இல்லத்தரசியின் ஊதியமில்லா உழைப்பு அந்தக் கணக்கில் சேர்வதில்லை என்று ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை விடியற்காலைகள் இருக்கின்றன என்பது, கணக்கெழுதிப் பார்த்த பிள்ளைக்குத் தெரிந்துவிடும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாயாக ஏன் வந்தது, அதற்கு ஏன் 'உரிமை' என்று பெயர் என்ற விவாதம் பிறகு சாப்பாட்டு நேரத்தில் தானாக நடக்கும்.

வரலாறு படிப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடத்திலிட்ட ஓலைகளை எடுத்து ஊர்ப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகிய ஊர்க்குழுக்களையும் விவரிக்கின்றன. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது என்றும் அதில் உண்டு; அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், தங்கள் ஊரில் அக்டோபர் 2 அன்று நடக்கும் கிராமசபையில் பின்னால் நின்று கேட்டு, அங்கே கணக்கு எப்படி வாசிக்கப்படுகிறது என்று குறித்துவரலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அட்டை போட வேண்டாம், அலங்காரம் வேண்டாம், யாரும் திருத்தவும் வேண்டாம்.

வீட்டில் கேட்கும் கேள்வி

பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்? யார் ஃபர்ஸ்ட்?" என்று கேட்பது நம் வாயில் ஊறிவிட்டது. முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017இல் கைவிட்டது. வீடுகள் இன்னும் கைவிடவில்லை. அதற்குப் பதிலாக, "இன்னைக்கு எது புரியல?" என்று கேளுங்கள். முதலில் பிள்ளை சந்தேகமாகப் பார்க்கும், ஏதோ பொறி வைக்கிறார்கள் என்று. புரியாததைச் சொன்னால் திட்டு விழாது என்று நாலைந்து முறை உறுதிப்பட்ட பிறகே வாய் திறக்கும். படிக்காத பெற்றோருக்கு இதில் ஒரு வசதி உண்டு: "எனக்கும் தெரியாது, எனக்குச் சொல்லிக்கொடு" என்று உண்மையாகவே சொல்லலாம். பாட்டிக்குப் புரியும்படி ஒரு பாடத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் வினா பெரிய காரியமல்ல.

எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. பிள்ளை விரும்புவதாகச் சொல்லும் தொழிலில் இருக்கும் ஒருவரோடு அரைநாளாவது கூடவே இருந்து பார்க்கட்டும். செவிலியராக விரும்பிய ஒரு பெண் அப்படிப் போய்வந்த பிறகு அந்த ஆசையில் இன்னும் உறுதியானாள். சிவில் இன்ஜினியராக விரும்பிய ஒரு பையன் வெயிலில் ஒரு மதியம் நின்றதும் வேறு யோசித்தான். இருவருக்குமே அந்த அரைநாள் வீண்போகவில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமோ பசியோ கெட்டிருப்பது, பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் ஒதுக்குவது, அடிக்கடி காரணமில்லாத தலைவலி வயிற்றுவலி, "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைத் தேர்வுப் பதற்றம் என்று தள்ளிவிடாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலும் சொல்வதற்கு ஒரு வாசல் திறக்கிறது. அப்படித் தோன்றுகிறது என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவி நாடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகிய இரண்டும் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் பேசக்கூடியவை. இந்த எண்களைப் பிள்ளையின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் இன்றே சேர்த்துவையுங்கள்.

முடிவு வரும் நாளை முன்கூட்டியே திட்டமிடுதல்

தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் இடைவெளி இருக்கும். அதற்குள் ஒரு மாலையில் குடும்பமாக உட்கார்ந்து மூன்று நிலைமைகளுக்கும் என்ன செய்வது என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த மதிப்பெண் வந்தால் எந்தெந்த விண்ணப்பங்கள் என்பது முதல் பகுதி. குறைந்தால் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கு யார் போவது என்பதும் அடுத்த விருப்பமாக எந்தப் படிப்பு என்பதும் இரண்டாவது. ஒரு பாடத்தில் 35க்குக் கீழே வந்தால் அடுத்து வரும் துணைத்தேர்வுக்குப் பெயர் கொடுப்பது மூன்றாவது. தேறினால் அந்த ஆண்டே கல்லூரியில் சேர வழி உண்டு என்பதையும் எழுதுங்கள். பிள்ளையின் கையெழுத்திலேயே அது இருக்கட்டும். தாளின் அடியில் இன்னொரு வரி: அன்று வரும் சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர் போன்கள் அத்தனையையும் அப்பா எடுத்துப் பேசுவார், பிள்ளைக்கு விருப்பமிருந்தால் மட்டும் போன் கைமாறும். அன்றைய காலை டிபனும் வழக்கம்போலவே இருக்கட்டும். முந்தின இரவு மாவைக் கரைத்து வைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். எந்த மூலையில் வைத்தால் பொங்கும் என்று வீட்டில் அதற்குத்தான் நன்றாகத் தெரியும்.